மாத்திரைக்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிற குடும்பம். பாவு வந்த தேதி, நெய்து கொடுத்த மீட்டர், வர வேண்டிய கூலி எல்லாவற்றையும் எழுதி வைக்காவிட்டால் கணக்கு முடிக்கிற நாளில் நம் பேச்சு எடுபடாது. என் மூத்த மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு, இருப்பது சரியாகத் தெரிய வந்ததும் அப்படி ஒரு நோட்டால்தான்.

அப்போது அவனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. இப்போது 11 வயது. இந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் வீதியிலும், பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் வழியாகவும் யாராவது ஒரு தாய் வந்து, “அக்கா, பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், அடுத்து என்ன செய்வது?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் பிள்ளையைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த அறைக்குப் போவதற்கு முன்பும் வந்த பிறகும் தாயும் தகப்பனும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் செய்த முதல் தவறு, வெறுங்கையோடு போனது. ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பையன் அதற்குள் மின்விசிறி சுவிட்சைப் பத்து முறை போட்டு அணைத்துவிட்டான். உள்ளே போனதும் மருத்துவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். “ரொம்பத் துறுதுறுப்பா?” என்றார். ஆமாம் என்றோம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பள்ளியில் எப்படி, தூக்கம் எப்படி, காது கேட்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. என் வீட்டுக்காரர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த மாத்திரையை நாங்கள் வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து, எல்லாம் பார்த்து முடித்த பிறகு, இன்னொரு மருத்துவர் எழுதியதும் அதே மருந்துதான். ஆனாலும் முதல் சீட்டுக்கு மாத்திரை வாங்காமல் விட்டதற்கு நான் வருந்தவில்லை. வாங்கியிருந்தால் அவன் இடது காதில் இருந்த கோளாறு எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நோட்டில் என்ன எழுதுவது

இரண்டு வாரம் எழுதுங்கள். நாள், நேரம், இடம், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். “அடங்கவே இல்லை”, “சோம்பேறித்தனம்” என்றெல்லாம் எழுதாதீர்கள். அது உங்கள் கோபம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் இருந்து சில வரிகள்:

திங்கள், காலை 7.40. சாக்ஸ் போடச் சொன்னேன். ஒரு காலில் போட்டுக்கொண்டே வாசலுக்குப் போனான். பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். 7.55-க்கும் ஒரு காலில்தான் சாக்ஸ். மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை கத்திவிட்டேன்.

புதன், மாலை 6.10. கழித்தல் கணக்கு 5. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் கடன் வாங்க மறந்தான். நான்காவதற்கு வரவே இல்லை. பென்சில் சீவ நான்கு முறை எழுந்து போனான்.

வெள்ளி, இரவு. தறி 10 மணிக்கு நின்றது. தூங்கியது 10.45.

ஞாயிறு, காலை. அப்புச்சி தோட்டம். மோட்டார் கொட்டகையில் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வரியைக் காட்டித்தான் என் வீட்டுக்காரர், “இவ்வளவு நேரம் உட்காருகிறவனுக்கு என்ன கவனக்குறைவு?” என்று வாதாடினார். பிறகு பார்த்த டாக்டர் அம்மா அதைப் படித்துவிட்டு விளக்கினார். இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பவும், சலிப்பான வேலையில் பிடித்து நிறுத்தவும்தான் முடிவதில்லை. பிடித்த விஷயத்தில் மூழ்கிப் போவதும் இதில் சகஜம். ஆகவே பிள்ளை நன்றாக இருக்கிற நேரத்தையும் எழுதுங்கள். குறையை மட்டும் எழுதுகிற நோட்டு பாதி நோட்டு.

வெள்ளிக்கிழமை வரியும் வீண் போகவில்லை. தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் 8 வயதுப் பிள்ளை 10.45-க்குத் தூங்கி 6 மணிக்கு எழுந்தால் ஏழே கால் மணி நேரத் தூக்கம். அந்த வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும். தூக்கம் போதாத குழந்தை பெரியவர்களைப் போலச் சோர்ந்து விழாது, இன்னும் துள்ளும். முதல் வேலையாக அவன் படுக்கையைத் தெருப்பக்க அறைக்கு மாற்றி, 9 மணிக்குள் படுக்க வைத்தோம்.

பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டியது

மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றுகிற அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு (ஐந்தாம் பதிப்பு, 2013) இதற்குச் சில வரையறைகள் வைத்திருக்கிறது. கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், மிகை இயக்கத்துக்கும் அவசரத்தனத்துக்கும் சேர்த்து 9 அறிகுறிகள். ஏதாவது ஒரு பக்கத்தில் குறைந்தது 6 இருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், படிப்பையோ பழக்கத்தையோ அது பாதிக்கவும் வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம் என்றால் வீட்டைப் பார்க்க வேண்டும். பள்ளியில் மட்டும் என்றால் அங்கே அடி விழுகிறதா, யாராவது கேலி செய்கிறார்களா, பாடம் புரியவில்லையா என்று பார்க்க வேண்டும்.

அதனால் வகுப்பு ஆசிரியரின் வார்த்தை இல்லாமல் இந்த நோயறிதல் முழுமை பெறாது. அவரிடம் சண்டைக்குப் போகிற முகத்தோடு போகாதீர்கள். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிறவர். நான் இப்படித்தான் கேட்டேன்: “டீச்சர், எந்தப் பாடவேளையில் அதிகம் எழுந்து போகிறான், சொன்னதைப் பாதியில் விடுகிறானா, மற்றப் பிள்ளைகளோடு எப்படி என்று மட்டும் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா?” அவர் எழுதிய முதல் வரி, “பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை.” அந்த ஒரு வரிதான் எங்களைக் காது மருத்துவரிடம் அனுப்பியது.

பிறகு மருத்துவமனையிலும் ஒரு கேள்விப் படிவம் கொடுப்பார்கள். வேண்டர்பில்ட் படிவம் என்றால் பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று இருக்கும். இந்தியக் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய கேள்விக் கருவியும் உண்டு. படிவத்தின் மதிப்பெண் மட்டுமே தீர்ப்பு ஆகாது. அது மருத்துவர் கையில் இருக்கிற ஓர் அளவுகோல், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் ஊரில் ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. மே மாதம் பிறந்த குழந்தை, அதே வகுப்பில் முந்தைய ஜூலையில் பிறந்த குழந்தையைவிடப் பத்து மாதம் சின்னது. ஒன்றாம் வகுப்பில் பத்து மாதம் என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வகுப்பிலேயே வயதில் இளைய குழந்தைகளுக்கு ஏடிஎச்டி என்று பெயர் சூட்டுவது அதிகமாக நடக்கிறது என்பதைக் கனடா, அமெரிக்கா, தைவான் ஆகிய நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் பிள்ளை அப்படி என்றால் மருத்துவரிடம் பிறந்த மாதத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

உடம்பை முதலில் பாருங்கள்

தறிச் சத்தத்தில் வளர்கிற பிள்ளைகள் உரக்கப் பேசுவார்கள், உரக்கப் பேசினால்தான் திரும்புவார்கள். எங்களுக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை, நாங்கள் எல்லோருமே அப்படித்தான். காது மருத்துவர் பார்த்தபோது என் மகனின் இடது நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு வருகிற கோளாறு. அதற்கு வைத்தியம் பார்த்ததும் டீச்சரின் புகாரில் கால்வாசி குறைந்தது. முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம்.

காதைப் போலவே கண்ணையும் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறதா என்று பாருங்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து மூச்சு தடைப்படுகிற குழந்தையும் பகலில் நிலைகொள்ளாது. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் கண் நிலைகுத்தி நின்று, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். முடிந்தால் கைபேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். அது ஏடிஎச்டியோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும்.

இவை எல்லாம் மற்றக் காரணங்களை ஒதுக்குவதற்கான பரிசோதனைகள். ஏடிஎச்டியை உறுதி செய்கிற ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இன்று வரை கிடையாது. “ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்” என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சீனிதான் காரணம் என்று சொல்வதும் சரியில்லை. 1995-லேயே அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்று காட்டிவிட்டார்கள். பல்லுக்காகச் சீனியைக் குறையுங்கள், நல்லதுதான்.

யாரிடம் போவது

முதலில் வழக்கமாகப் பார்க்கிற குழந்தை மருத்துவர். அவர் வழியாகக் குழந்தைகள் மனநல மருத்துவர், அல்லது குழந்தை வளர்ச்சியில் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவர். உளவியலாளர் சோதனைகள் செய்வார், பெற்றோருக்குப் பயிற்சி தருவார், ஆனால் மருந்து எழுத மாட்டார். காசு இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருகிற நடமாடும் மருத்துவக் குழு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தைச் சேர்ந்தது. அவர்கள் பார்க்க வேண்டிய கோளாறுகளின் பட்டியலில் ஏடிஎச்டியும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்களைப் போன்றவர்களுக்குக் கோவை, ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெருந்துறை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.

பிள்ளைக்கு 6 வயது ஆகவில்லை என்றால் மாத்திரையைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். அந்த வயதில் முதலில் செய்ய வேண்டியது பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. 6 வயதுக்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து.

மாத்திரை

இதற்குப் பெரும்பாலும் தருவது ஊக்க மருந்து வகை. ஊக்க மருந்து என்றதும் ஓட்டப்பந்தயத்தில் தடை வாங்கியவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். என் மாமியாருக்கு அதுகூடத் தோன்றவில்லை. “ஏற்கெனவே துள்ளுகிறவனுக்கு ஊக்கம் கொடுத்தால் கூரை ஏறிவிடுவானே, அம்மணி” என்றார். நியாயமான கேள்வி. டாக்டர் அம்மாவிடம் அப்படியே கேட்டேன். பிள்ளையின் மூளையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற முன்பகுதிதான் மந்தமாக வேலை செய்கிறது, மருந்து அங்கே டோபமின், நோர்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களின் அளவைக் கூட்டி அந்தப் பகுதியை விழிக்க வைக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் என் பாஷையில் சொன்னேன்: ஊக்கம் காளைக்கு இல்லை, மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கிற கைக்கு. காங்கேயம் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர், உடனே பிடித்துக்கொண்டார்.

புது மருந்தைப் பிள்ளையிடம் சோதிக்கிறார்களோ என்று என் வீட்டுக்காரருக்குப் பயம். இந்த வகை மருந்து குழந்தைகளின் நடத்தையைச் சீராக்குகிறது என்பதை 1937-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் எழுதினார். நம் ஊரில் பெரும்பாலும் தருகிற மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவானது. என் அப்பாவைவிட வயதில் மூத்த மருந்து.

தொடங்குவதற்கு முன் உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று நெஞ்சடைத்து இறந்திருந்தால், பிள்ளைக்கு ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி வந்திருந்தால், வலிப்பு இருந்தால், கண் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது போன்ற பழக்கம் இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். நாங்கள் என் பெரியப்பா 34 வயதில் இறந்ததைச் சொன்னோம். உடனே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

குறைந்த அளவில் ஆரம்பித்து, வாரம் ஒரு முறையோ சற்று இடைவெளி விட்டோ ஏற்றுவார்கள். குறுகிய நேர மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி 3, 4 மணி நேரம் நிற்கும். நீண்ட நேர வகை 8 முதல் 12 மணி நேரம். நீண்ட நேர மாத்திரையைப் பொடிக்கவோ உடைக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும், எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரையை ஒரு நாளும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

காலையில் நானே கொடுப்பேன், ஆனால் சாப்பிட்ட பிறகுதான். காரணம், இந்த மருந்து பசியைக் கொன்றுவிடும். முதல் வாரம் மதியச் சோற்றுப் பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் காலையில் அழுத்தி வைத்த தயிர் சாதத்தில் என் கரண்டித் தடம்கூடக் கலையாமல் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு வழி கண்டுபிடித்தோம். காலை 7 மணிக்கே நெய் விட்டு அரிசியும் பருப்பும் சாதம், அல்லது முட்டையோடு சந்தகை, வயிறு நிறைய. அதன் பிறகு மாத்திரை. மதியம் சாப்பிட்டவரை சரி, கட்டாயப்படுத்துவதில்லை. மாலை 6 மணிக்கு மருந்தின் வேகம் இறங்கும்போது பசி திரும்பும். அப்போது கடலை உருண்டை, வாழைப்பழம், ராகி அடை என்று கையில் தயாராக வைத்திருப்பேன். இரவு இன்னொரு முழுச் சாப்பாடு. அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால், வீட்டிலேயே மாத்திரை போட்டு அனுப்பிவிட்டால் அங்கே தட்டைத் தொடாது. நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தூக்கம் வராமல் போவது, தலைவலி, வயிற்றுவலி, எரிச்சல் ஆகியவை முதல் வாரங்களில் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். மாலையில் மருந்து இறங்குகிற நேரம் சில பிள்ளைகள் அழுது ஆர்ப்பாட்டம் செய்யும். அந்த அரை மணி நேரம் வீட்டுப்பாடம் வேண்டாம், விளையாட விடுங்கள். இன்னொன்றை நான் அழுத்திச் சொல்வேன். பிள்ளை சிரிப்பு இல்லாமல், பேச்சு இல்லாமல் பொம்மை போல ஆகிவிட்டால் அது குணமானதன் அடையாளம் ஆகாது, அளவு கூடிவிட்டது அல்லது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. “அடங்கிவிட்டான்” என்று மகிழாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். எங்கள் மகனுக்கு இரண்டாவது முறை ஏற்றியபோது இப்படி ஆனது. நோட்டில் “இரண்டு நாளாகப் பூனையிடம் போகவில்லை” என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு டாக்டர் அம்மா பழைய அளவுக்கே இறக்கினார். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது, கேட்பது போன்றவை வந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலை மாத்திரை மறந்துபோனால் சாயங்காலம் ஈடு கட்டாதீர்கள், இரவு தூங்காது. மறுநாள் வழக்கம்போலத் தொடங்குங்கள். 10 வயது வரை 3 மாதத்துக்கு ஒரு முறை எடை, 6 மாதத்துக்கு ஒரு முறை உயரம், நாடி, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகலாம் என்பதால்தான் இது. எங்கள் தறிக்கூட நிலைக்கதவில் பென்சில் கோடுகள் இருக்கின்றன, தேதியோடு.

மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. எல்லாக் கடையிலும் கிடைக்காது, மருத்துவர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். சீட்டின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். எந்தக் கடையில் வைத்திருக்கிறார்கள் என்று மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது, நாங்கள் முதல் மாதம் ஏழு கடை ஏறி இறங்கினோம். வீட்டில் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். போதைப்பொருள் சட்டம் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து மருந்தையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில், பெற்றோர் கையால் கொடுக்கிற மருந்து பிள்ளையைப் போதைக்கு அடிமை ஆக்குவதில்லை. கல்லூரிப் பையன்கள் பரீட்சைக்கு விழித்திருக்கத் திருட்டுத்தனமாக விழுங்குவது வேறு கதை. அதற்காகத்தான் பூட்டு.

ஊக்க மருந்து ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அட்டமாக்ஸ்டின் என்ற வேறு வகை இருக்கிறது. அது முதல் நாளே தெரியாது, பலன் முழுதாகத் தெரிய ஒரு மாதத்துக்கும் மேல் ஆகலாம்.

மருந்து செய்யாதவை

மாத்திரை போட்ட மூன்றாவது நாள் கழித்தல் கணக்கு ஐந்தையும் முடித்தான். ஐந்தாவதை முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, “அம்மா, இன்னைக்குத் தலைக்குள்ளே சத்தம் கம்மியா இருக்குது” என்றான். தறி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வரியை அவன் சொன்னபடியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் பெருக்கல் வாய்ப்பாட்டை மாத்திரை கற்றுக்கொடுக்காது. இரண்டு ஆண்டு விட்டுப்போன பாடத்தை உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும். அடுப்படியில் இருந்து கத்துவதை நிறுத்தினேன். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, “கண்ணு, சாக்ஸ்” என்று ஒரே ஒரு வேலை சொல்வேன். முடித்ததும் அடுத்தது. வீட்டுப்பாடம் பத்து நிமிடம், பிறகு தறிக்கூடத்துக்குத் தார்க் கூடை (நூல் சுற்றிய குழல்கள் இருக்கிற கூடை) எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும், மீண்டும் பத்து நிமிடம். பாராட்டு உடனே வேண்டும். மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த ஜென்மம் மாதிரி. அடி வேலைக்கு ஆகாது, நான் அடித்துப் பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

உறவினர்களிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மிச்சி சென்னிமலைக்கு வேண்டிக்கொண்டார், நாங்களும் படியேறிப் போய் வந்தோம். மாத்திரையையும் நிறுத்தவில்லை. கல்யாண வீட்டில் ஒருவர், “வளர்ப்பு சரியில்லை, அதற்கு ஒரு மாத்திரையா?” என்றார். இது பெரும்பாலும் ரத்த வழியில் வருவது. டாக்டர் அம்மா அறிகுறிகளைப் படித்துக்கொண்டே வந்தபோது என் வீட்டுக்காரர், “இது எல்லாம் நான்தானே” என்று மெல்லச் சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனிதர். அன்று வீடு திரும்பும் ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார், சோமனூர் வரும்வரை பேசவில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை, மருந்து இன்னும் வேண்டுமா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்களுக்கு இந்த முறை ஆகஸ்டில் இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள். விடுமுறையில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது, பரீட்சை நேரத்தில் நிறுத்தினால் பிள்ளைக்குக் கஷ்டம். வகுப்பு ஆசிரியருக்கும் படிவம் கொடுத்தோம். படிப்பில் முன்பு போல மோசம் இல்லை. ஆனால் ஒன்பதாம் நாள் சைக்கிளில் பார்க்காமல் ரோட்டுக்குள் திரும்பினான், மில் பஸ் பிரேக் போட்டதால் பிழைத்தான். மறுவாரம் அதே அளவில் மீண்டும் தொடங்கினோம்.

கடைசியாக, சத்தம் போடாத பிள்ளைகளைப் பற்றி. என் மகளுக்கு இப்போது 9 வயது. ஓடமாட்டாள், யாரையும் இடிக்கமாட்டாள், எந்த டீச்சரும் புகார் சொன்னதில்லை. பெண் குழந்தைகளிடம் கவனக்குறைவு மட்டும் தனியாக இருந்தால் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாது, மந்தம், கனவு காண்கிறவள் என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மூத்தவனுக்காக இவ்வளவு அலைந்த நானே அவளைக் கவனிக்கவில்லை. போன மாதம் அவள் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி பாதியில் நின்றிருந்தது, ஓரத்தில் அழகழகாகக் கோலம். மறுநாளே கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இரண்டு வாரம் முடியப் போகிறது. டீச்சரிடம் ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டிருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை காதும் கண்ணும் பார்க்கப் போகிறோம்.